சிவப்பு ஏறாத கல்

ஜனவரி 9, செவ்வாய்

மாத்திரை விழுங்கியதைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்காக அத்தான் இந்த டயரியை வாங்கி வந்தார். பக்கத்துக்கு இருபத்தைந்து வரி இருக்கிறது. ஒரு டிக் போட இவ்வளவு இடம் எதற்கு? மிச்ச இடம் வீணாக வேண்டாம் என்று எழுதவும் தொடங்கிவிட்டேன்.

முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில், ரத்த வகை கேட்டிருந்தார்கள். சண்முகவடிவு. ஐம்பத்தாறு. கல் பார்ப்பது. பி பாசிட்டிவ். தொழிலுக்கு விட்டிருந்த இடம் போதவில்லை. திருச்சியில் ஒரு கல் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தொன்பது வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் கல்லைப் பார்த்து, அது எப்படி உண்டானது, என்னென்ன பட்டது என்று சொல்லி வருகிறேன். நான் சொன்னது தப்பு என்று இதுவரை யாரும் படியேறி வந்ததில்லை.

மாத்திரை டி.பி.க்கு. அக்டோபரில் கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். நெஞ்சில் இல்லை, கழுத்துக் கட்டியில் மட்டும்தான், ஒருவருக்கும் ஒட்டாது, ஆறு மாதத்தில் சரியாகிவிடும். ஒட்டாது என்பது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே. ஆபீஸில் தைராய்டு என்று சொல்லி, முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிறேன். முன்பு எங்கள் வாட்ச்மேனுக்கு இதே நோய் வந்தபோது அவருக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். அந்த டம்ளர் ஜன்னலில் கவிழ்ந்தே கிடக்கும். நானும் அதைத் தொட்டதில்லை.

மருந்து தொடங்குமுன் ஒரு நர்ஸ் புள்ளி புள்ளியாக நிறம் போட்ட அட்டைகளைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டாள். இதில் ஒரு மருந்து சிலருக்குக் கண்ணைப் பிடிக்குமாம். சிவப்பும் பச்சையும் குழம்பினால் உடனே வர வேண்டுமாம், இல்லாவிட்டாலும் மாதம் ஒரு முறை அட்டை பார்க்க வேண்டுமாம். நிறம் பார்த்தே சம்பளம் வாங்குகிறவளிடம் சொல்கிறாள். அத்தனை எண்ணையும் அவள் அட்டையைத் திருப்பும் வேகத்துக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை. அத்தான்தான் மாத்திரை வாங்கி வருகிறார்.

மாத்திரை ஆயிற்று.

ஜனவரி 12, வெள்ளி

நாற்பத்தெட்டுக் கற்கள் வந்து சேர்ந்தன. அரியலூருக்கு அப்பால் ஒரு சிமென்ட் கம்பெனி துளை போட்டு, கல்லை உருளை உருளையாக எடுத்து, மேலிருந்து கீழாக எண் போட்டு அனுப்பியிருக்கிறது. கேள்வி ஒன்றுதான். எதுவரை சுண்ணாம்புக்கல், எங்கிருந்து டோலமைட்? டோலமைட்டில் மெக்னீசியம் இருக்கிறது. சிமென்ட்டில் அது அளவு மீறினால் கட்டிய சுவர் சில வருஷம் கழித்து உப்பி விரிசல் விடும். மார்ச் முடிவதற்குள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கல்லை மெல்லிய சீவலாக்கிச் சாயத்தில் முக்கினால் சுண்ணாம்பு சிவக்கும், டோலமைட் வெளுத்தபடியே இருக்கும்.

சீவல் போடுகிறவள் ஜெசிந்தா. முப்பத்து நாலு வயது. ஆறு வருஷமாக ஒப்பந்த வேலை, ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப்பிக்க வேண்டும். புருஷன் இறந்துவிட்டார், இரண்டு பெண் பிள்ளைகள். கல்லை அறுத்து, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, தலைமுடியில் பாதிக் கனத்துக்குத் தேய்த்துக் கொண்டுவருவாள். அந்தக் கனத்தில் கல் வெளிச்சத்தை விடும். கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

மாத்திரை ஆயிற்று.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. அத்தான் கரும்பு கடித்து ஒரு பல் ஆடுகிறது. மாத்திரை ஆயிற்று.

ஜனவரி 30, செவ்வாய்

அத்தான் என்று நான் எழுதுவது என் கணவர் சிதம்பரநாதனை. சொந்த அத்தை மகன். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். அவர் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு என் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்பதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருக்கிறார். இன்று சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

“அந்த டோலமைட்டு எப்படித்தான் உண்டாகுதாம்?”

“உங்களுக்கு என்னத்துக்கு அது?”

“சும்மா சொல்லு. டிவில ஒண்ணும் உருப்படியா இல்ல.”

சொன்னேன். கடலடியில் சிப்பியும் நத்தையும் பாசியும் செத்து விழுந்து சுண்ணாம்புச் சேறாகி, இறுகிக் கல்லாகும். பிறகு ஒரு காலத்தில் மெக்னீசியம் கரைந்த தண்ணீர் அந்தக் கல்லுக்குள் புகுந்து போகும். போகிற போக்கில் பாதிக் கால்சியத்தை வெளியே இழுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மெக்னீசியத்தை உட்கார்த்திவிடும். அதுதான் டோலமைட்.

“வாடகைக்கு வந்தவன் பாதி வீட்ட எழுதி வாங்குன கதைதான்னு சொல்லு.”

“அதேதான். எப்பம் வந்தான், எந்த வாசல் வழியா வந்தான், சுவர இடிச்சானா இல்லையான்னு கண்டுபிடிக்கறது என் வேலை.”

கண்டுபிடிப்பது கல்லின் நெசவை, அதாவது அதற்குள் படிகமும் சிப்பியும் பின்னிக் கிடக்கும் விதத்தை வைத்து. டோலமைட் வளரும்போது சாய்சதுரப் படிகங்களாக வளரும். வளர்கிற இடத்தில் சிப்பி இருந்தால் அதைத் தின்றுவிடும், சிப்பியின் மங்கலான சாயல்தான் மிஞ்சும். பல படிகங்கள் நடுவில் கலங்கியும் ஓரத்தில் தெளிந்தும் இருக்கும். பழைய சேற்றைத் தின்று வளர்ந்த பாகம் கலங்கல், பின்னால் காலி இடத்தில் சுத்தமான தண்ணீரில் வளர்ந்த பாகம் தெளிவு. ஒரு படிகத்துக்குள் இவ்வளவு வரலாறு இருக்கிறது. இத்தனைக்கும் இன்றைய கடலில் வேண்டிய மட்டும் மெக்னீசியம் இருந்தும் டோலமைட் உண்டாவது அபூர்வம். பழைய பாறைகளில் மட்டும் மலை மலையாகக் கிடக்கிறது. ஏன் என்று இருநூறு வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

மாத்திரை ஆயிற்று.

பிப்ரவரி 6, செவ்வாய்

மருந்து ஆரம்பித்த புதிதில் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போய் அலறிவிட்டேன். மருந்தின் சாயம்தான், ஆறு மாதமும் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நாலைந்து நாளாகப் பார்க்கிறேன், சாதாரணமாகவே இருக்கிறது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது. டாக்டர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

மாத்திரை ஆயிற்று.

பிப்ரவரி 12, திங்கள்

சாயம் போட்ட முதல் பன்னிரண்டு ஸ்லைடுகள் வந்தன. ஒன்றிலும் சிவப்பு இல்லை. ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.

“சாயம் போட்டியா?”

“போட்டேன் மேடம். நல்லா பிடிச்சிருக்கே.”

“எங்க பிடிச்சிருக்கு?”

ஸ்லைடை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். “செவப்பாத்தானே மேடம் இருக்கு?”

“செஞ்ச தப்ப ஒத்துக்கிட்டா ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்ட.”

ஸ்லைடு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மறந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நானே விட்டிருப்பேன். முகத்தைப் பார்த்துச் சாதிக்கிறாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாத்திரை ஆயிற்று.

பிப்ரவரி 14, புதன்

இன்று கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் தொடங்குகிறது. ஜெசிந்தா நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்து, இரண்டாம் முறை சாயம் போட்ட ஸ்லைடுகளை வைத்தாள். இந்த முறை அதிக நேரம் முக்கியிருப்பாள் போல, கல் முழுக்க ஓர் அழுக்குப் பழுப்பு. சிவப்பைக் காணோம்.

“பாட்டில் பழசு. சாயம் செத்துப்போச்சு,” என்றேன்.

“டிசம்பர்ல வாங்கினது மேடம்.”

“கடைக்காரன் பழச ஏமாத்திக் குடுத்திருப்பான்.”

புதுப் பாட்டிலுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். மைக்ரோஸ்கோப் பல்பும் மங்கல். அதையும் மாற்றச் சொன்னேன்.

மாத்திரை ஆயிற்று.

பிப்ரவரி 19, திங்கள்

புதுப் பாட்டில், புது பல்பு. நாற்பத்தெட்டு ஸ்லைடுகளும் முடிந்தன. ஒன்றுகூடச் சிவக்கவில்லை. அப்படியானால் சாயத்தில் குற்றமில்லை, துளை முழுக்க டோலமைட்.

ஆனால் மேல் பாதியில் ஒரு விசித்திரம். சிப்பிகள் முழுசு முழுசாக இருக்கின்றன. ஓடுகளின் அடுக்குகள்கூட எண்ணும்படி நிற்கின்றன. டோலமைட் தின்ற இடத்தில் சிப்பி இப்படி இருக்காது. இருக்கிறது என்றால், வீட்டுக்காரனை மாற்றியும் ஒரு செங்கல்லை நகர்த்தாத டோலமைட் இது. நான் இருபத்தொன்பது வருஷத்தில் பார்க்காதது. இந்த அளவுக்கு வேறு எங்கும் யாரும் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக வந்தது. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது இப்படி ஒன்று மடியில் வந்து விழுந்திருக்கிறது.

மாத்திரை ஆயிற்று.

பிப்ரவரி 23, வெள்ளி

ஜெசிந்தாவின் கை சுத்தத்துக்கும் குறை வந்துவிட்டது. பல ஸ்லைடுகளின் மூலையில் வைர ஊசியால் ஒரு சின்னப் புள்ளி கீறியிருக்கிறது. சிலதில் இருக்கிறது, சிலதில் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“அடையாளத்துக்கு மேடம்.”

“எண் போட்டிருக்கே, அதுக்கு மேல என்ன அடையாளம்?”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “இருக்கட்டும் மேடம். ஒரு நாளைக்கு உதவும்.”

மாத்திரை ஆயிற்று.

பிப்ரவரி 27, செவ்வாய்

காந்தி மார்க்கெட்டில் தக்காளி நானே ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்கி வந்தேன். அத்தான் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, “என்ன வடிவு, பாதிக்குப் பாதி பச்சக் காயால்லா பொறுக்கிட்டு வந்திருக்க?” என்றார். கடைக்காரன் எடை போடும்போது மாற்றியிருக்கிறான். நாளைக்குப் போய் அவனை ஒரு வழி பண்ண வேண்டும்.

கண் கொஞ்சம் பூத்தாற்போல இருக்கிறது. பகலெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால் யாருக்கும் இருக்கும்.

மாத்திரை ஆயிற்று.

மார்ச் 4, திங்கள்

எங்கள் டைரக்டர் தேசிகன் சாரிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மே மாதம் ஹைதராபாத்தில் ஒரு கருத்தரங்கு, அதில் படியுங்கள் என்றார். சுருக்கத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதி அனுப்பினேன்.

வெளியே வந்தால் ஜெசிந்தா நிற்கிறாள்.

“மேடம், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஆசிட் சொட்டுப் போட்டுப் பாத்திருக்கலாமே.”

சுண்ணாம்பில் ஆசிட் விட்டால் நுரைக்கும், டோலமைட்டில் பேசாமல் இருக்கும். காலேஜில் முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற சோதனை. அதுவும் அறுத்த தூள் ஒட்டியிருந்தால் டோலமைட்டும் நுரைத்து ஏமாற்றும். இதை எனக்குச் சொல்லித் தருகிறாள். நாலு பேர் கேட்கும்படி திட்டிவிட்டேன். கல் தேய்க்கிறவள் கல்லைத் தேய்த்தால் போதும் என்றேன்.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவள் என்னிடம் வாயே திறக்கவில்லை. நிம்மதி.

மாத்திரை ஆயிற்று.

மார்ச் 14, வியாழன்

ஒப்பந்தக்காரர்களின் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. நாலு பெயர். எங்கள் ஆபீஸில் இதற்குக் காரணம் எழுதும் வழக்கம் இல்லை. வேண்டும் என்றால் பெயருக்குக் கீழே பச்சைக் கோடு, வேண்டாம் என்றால் சிவப்புக் கோடு. தேசிகன் சார் கோட்டை மட்டும் பார்த்து ஆர்டர் அடிக்கச் சொல்வார்.

மூன்று பேருக்குப் பச்சை போட்டேன். ஜெசிந்தாவின் பெயருக்கு வந்ததும் நின்றேன். ஆறு வருஷம், இரண்டு பிள்ளைகள், எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் சாயம் போடத் தெரியாமல், போட்டேன் என்று முகத்துக்கு நேரே பொய் சொல்கிறவளை வைத்துக்கொண்டு எப்படி வேலை பார்ப்பது? அவள் பக்கத்தில்தான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “பேனா ஸ்டாண்டுல இருந்து சிவப்பு எடு,” என்றேன். எடுத்துத் தந்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது, பாவம். கையால் மறைத்துக்கொண்டு கோடு போட்டு, காகிதத்தை மடித்து உறையில் வைத்து அனுப்பிவிட்டேன்.

இந்தக் காலத்துப் பேனாக்களில் மையும் சரியில்லை. சிவப்பும் பச்சையும் ஒரே சேற்று நிறம்.

மாத்திரை ஆயிற்று.

மார்ச் 20, புதன்

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஸ்லைடாக நெசவை விவரிக்க வேண்டும். எழுத எழுத எனக்கு ஒன்று இடித்தது.

முப்பத்தைந்தாம் எண்ணில் இருந்து கீழே எல்லாம் புத்தகத்தில் இருப்பது போன்ற டோலமைட். சாய்சதுரங்கள், நடுவில் கலங்கல், ஓரத்தில் தெளிவு, சிப்பி இருந்த இடத்தில் வெறும் சாயல், நடுநடுவே சிறு பொத்தல்கள். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பதும் அப்படியே. மற்றவற்றில் ஒரு சாய்சதுரமாவது தேறுமா என்று தேடினேன். மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுத் தேடினேன். ஒன்று இல்லை. ஒரே துளையில், ஒரே தண்ணீர், இந்தக் கல்லில் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, ஒரு முழம் தள்ளி உள்ள கல்லில் ஒரு சிப்பியின் ஓரத்தைக்கூடத் தொடாமல் போகுமா? போகாது. நெசவு பொய் சொல்லாது என்று எத்தனை பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு, அறுத்து மிஞ்சிய துண்டுகளை எடுத்து நன்றாகக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தேன். ஆசிட் பாட்டிலை எடுத்தேன். முதல் துண்டில் ஒரு சொட்டு. உஸ் என்றது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன். இரண்டாவதும் உஸ். இருபத்தாறு வரை எல்லாம் உஸ். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது பேசவில்லை. முப்பதில் இருந்து முப்பத்து நாலு வரை மறுபடி உஸ். அதற்குக் கீழே ஒன்றும் பேசவில்லை.

ஆக மொத்தம் முப்பத்தொரு துண்டுகள் நுரைத்தன, பதினேழு துண்டுகள் நுரைக்கவில்லை. நுரைத்த முப்பத்தொன்றும் சுத்தமான சுண்ணாம்புக்கல். சாயம் அதில் சிவப்பாக ஏறியே இருக்க வேண்டும்.

ஸ்லைடு தட்டை எடுத்தேன். மூலையில் விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றில் புள்ளி இருந்தது. இரண்டில் இருந்தது. இருபத்தாறு வரை இருந்தது. இருபத்தேழில் இல்லை. நுரைத்ததில் எல்லாம் புள்ளி, நுரைக்காததில் இல்லை; நாற்பத்தெட்டையும் தடவி முடித்தபோது ஒன்றுகூட மாறவில்லை. எது சிவப்பு என்று ஒரு மாதத்துக்கு முன்பே அவள் எனக்குக் கீறி வைத்திருக்கிறாள். வாயால் சொன்னால் நான் கேட்கவில்லை, அதனால் கீறி வைத்தாள்.

சாயம் சரி. பாட்டில் சரி. பல்பு சரி. தக்காளிக் கடைக்காரனும் சரி. நான் அவனிடம் போட்ட சண்டையை நினைத்து இப்போது கூசுகிறது.

இன்று மாத்திரைக்குக் குறி போடவில்லை.

மார்ச் 22, வெள்ளி

அத்தானைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அதே நர்ஸ், அதே அட்டை. முதல் அட்டையில் பன்னிரண்டு தெரிந்தது. அடுத்ததில் புள்ளிகள் மட்டும். அதற்கு அடுத்ததிலும். அவள் ஒவ்வோர் அட்டையையும் மெதுவாகத் திருப்பினாள். முதல் அட்டை எல்லோருக்கும் தெரிகிற அட்டை என்று பிறகு சொன்னாள்.

“எவ்வளவு நாளா இப்படி இருக்கு?” என்று டாக்டர் கேட்டார்.

“தெரியல.”

“தெரியலயா, சொல்லலயா?”

நான் பதில் சொல்வதற்கு முன் அத்தான், “தக்காளி வாங்கி ஒரு மாசம் ஆச்சு டாக்டர்,” என்றார்.

நாலு மருந்தில் கண்ணைப் பிடிக்கிறதை நிறுத்திவிட்டு வேறு மாத்திரை எழுதினார். கழுத்துக் கட்டி நன்றாகவே கரைந்திருக்கிறதாம். பார்வை பெரும்பாலும் திரும்பும், மாதக்கணக்கில் ஆகும், முழுக்கத் திரும்பும் என்று கையெழுத்துப் போட்டுத் தர முடியாது என்றார். இன்னும் இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் இவ்வளவுகூடச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார்.

ஆட்டோவில் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

புது மாத்திரை ஆயிற்று.

மார்ச் 25, திங்கள்

ஹைதராபாத் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். உடல்நலக் காரணம் என்று எழுதினேன். அது பாதி உண்மை.

பட்டியலில் போட்ட சிவப்புக் கோடு மட்டும் பாக்கி. வியாழக்கிழமை ஆர்டர் வந்துவிடும். அதற்குள் தேசிகன் சாரிடம் போய்க் கோட்டை மாற்ற வேண்டும். ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்பார். சாயம் சரியாகத்தான் இருந்தது என்றால், பிறகு உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்பார். கண் என்றால், கண்ணுக்கு என்ன என்பார். கடைசியில் மாத்திரையில் வந்து நிற்கும். ஜன்னலில் கவிழ்ந்து கிடந்த டம்ளர் எனக்குத் தெரிகிறது. நிறம் தெரியாதவளுக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வியும் கூடவே வரும்.

ஜெசிந்தா கெட்டிக்காரி, வேறு இடத்தில் வேலை கிடைத்துவிடும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி நினைத்ததையும் எழுதி வைக்கிறேன்.

புது மாத்திரை ஆயிற்று.

மார்ச் 27, புதன்

காலையில் முந்தானையைக் கழுத்தில் சுற்றாமல் போனேன். நேரே தேசிகன் சார் அறைக்குப் போய், உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். டி.பி., மாத்திரை, அட்டை, சிவக்காத ஸ்லைடுகள், ஆசிட், மூலைப் புள்ளி. நான் கண்டுபிடித்த உலக அதிசயம் வெறும் சுண்ணாம்புக்கல் என்பதையும் சொன்னேன். கடைசியில், “ஜெசிந்தா பேர்ல போட்ட சிவப்புக் கோட்ட நீங்க பச்சையா மாத்தணும் சார். தப்பு அவ பேர்ல இல்ல,” என்றேன்.

அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார். “முதல்ல உக்காருங்க மேடம்,” என்றார். தன் ஃபிளாஸ்கில் இருந்து காபி ஊற்றி, தன் டம்ளரையே என் பக்கம் நகர்த்தினார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு ஃபைலைத் திறந்து பட்டியலை எடுத்தார்.

“எந்தச் சிவப்புக் கோடு?”

“ஜெசிந்தா பேருக்குக் கீழ.”

காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “நாலு பேருக்கும் பச்சைதானே போட்டிருக்கீங்க. நாலு ஆர்டரும் போன வாரமே அடிச்சாச்சு. நாளைக்குக் கையில குடுத்துருவாங்க.”

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். நாலு சேற்றுக் கோடுகள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இவ்வளவையும் வாய் திறந்து சொல்லியிருக்கவே வேண்டியதில்லை என்று படியிறங்கும்போதுதான் உறைத்தது. வீட்டில் சொன்னதும் அத்தானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பிறகு, “சொன்னதும் நல்லதுக்குத்தான் வடிவு. இனிமே கழுத்துல அந்தச் சுத்து வேண்டாம்லா, வெயில் வேற கொளுத்துது,” என்றார்.

புது மாத்திரை ஆயிற்று.

மார்ச் 28, வியாழன்

நாளை பெரிய வெள்ளி, விடுமுறை. ஜெசிந்தா ஆர்டரை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் அறைக்குப் போவது வழக்கமில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கண் விஷயம் அதற்குள் ஆபீஸ் முழுக்கப் பரவியிருந்தது. ஆகவே மிச்சத்தை மட்டும் சொன்னேன்.

“பட்டியல்ல உன் பேருக்கு நான் சிவப்புன்னு நெனச்சுத்தான் கோடு போட்டேன். எப்படியோ பச்சை ஆயிருக்கு. எனக்கு நன்றி சொல்லிட்டு நிக்காத. நான் உன்ன அனுப்பத்தான் பாத்தேன்.”

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும் மேடம்.”

“என்ன தெரியும்?”

“பேனா எடுத்துக் குடுத்ததே நான்தானே.”

சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தாள்.

“நீங்க செவப்பு கேட்டீங்க. எதுக்குக் கேக்குறீங்கன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு எது குடுத்தாலும் ஒண்ணுதான்னு எனக்கு மட்டும் தெரியும். பச்சைய எடுத்துக் குடுத்துட்டேன். தப்புதான் மேடம். அதுக்கும் சேத்துத்தான் ஞாயித்துக்கெழமயே சர்ச்சுல ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தேன்.”

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் பச்சையைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவளிடம் அதைச் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை ஆபீஸில் இதற்கு முன் யாரிடமாவது சொன்னேனா என்று நினைவில்லை.

பிறகு ஸ்லைடு தட்டைக் கொண்டுவந்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நெசவை நான் பார்த்தேன், நிறத்தை அவள் பார்த்தாள். மத்தியானத்துக்குள் துளையின் கதை ஒழுங்காக வந்துவிட்டது. கடலடியில் முதலில் எல்லாமே சுண்ணாம்புக்கல்தான். நெடுங்காலம் கழித்துக் கீழிருந்து மெக்னீசியத் தண்ணீர் ஏறியிருக்கிறது. முப்பத்தைந்து வரை எல்லாவற்றையும் தின்றது. அதற்கு மேல் ஏற முடியாமல், இருபத்தெட்டில் இருந்த ஒரு விரிசலைப் பிடித்து அக்கம்பக்கத்தை மட்டும் தின்றுவிட்டு நின்றுவிட்டது. இருபத்தெட்டில் நடுவே ஓடும் அந்த விரிசலை நான் பிப்ரவரியிலேயே பார்த்தேன். எல்லாமே டோலமைட் என்று நம்பியதால் அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

அறிக்கையின் முதல் பக்கத்தில், நெசவு: சண்முகவடிவு, சாயம்: ஜெசிந்தா என்று இரண்டு பெயரும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு முறை சரிபார்க்க உட்கார்ந்தோம். முப்பதை எடுத்து வெளிச்சத்தில் நீட்டினேன்.

“இது?”

“செவப்பு மேடம்.”

எனக்கு அது தவிட்டு நிறம். மறு பேச்சுப் பேசாமல் சிவப்பு என்று எழுதிக்கொண்டு அடுத்ததை எடுத்தேன்.

புது மாத்திரை ஆயிற்று.